பூட்டனின் பென்சில் எழுத்தைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த அந்தக் காகிதச் சுருள் எங்கிருந்து வந்தது என்று எட்டு மாதமாக இலங்கை மலையகத்தில் டிக்கோயா, நோர்வூட், ஹட்டன் என்று கேட்டுத் திரிந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. நான் தனியாகக் கண்டுபிடித்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி லீட்சில் இருக்கும் என் சித்தி மகனுக்கு. படத்தைப் பார்த்த உடனே, "அண்ணே, இது பியானோலாச் சுருள், யாருக்கும் குடுத்திடாதீங்க" என்றான். பியானோலா என்றால் பியானோவைத் தானாக வாசிக்க வைக்கும் கருவி, எந்தச் சுரத்தை எப்போது வாசிப்பது என்று அதற்குச் சொல்வது இந்தச் சுருளில் உள்ள துளைகள்தான். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் பழைய சாமான் வாங்கும் ஒருவர் விளக்குக்கு உறை செய்யலாம் என்று விலை கேட்டுவிட்டுப் போயிருந்தார், நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. தம்பி சொல்லச் சொல்ல அடிமட்டத்தால் அளந்தேன். அகலம் 11¼ அங்குலம். துளைகள் அங்குலத்துக்கு 6, உருளையின் இரண்டு பக்கமும் ஊசி மாதிரி முனை. அப்படியென்றால் 65 சுரச் சுருள். 1908இல் அமெரிக்காவின் பஃபலோவில் கம்பெனிகள் கூடி அங்குலத்துக்கு 9 துளை, 88 சுரம் என்பதைப் பொது அளவாக ஆக்கினார்கள், நம்முடையது அதற்கு முந்தைய பழைய வகை.

தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. 86 வயதில் மழையோடு பங்களா மேட்டுக்கு ஏறி வந்து, உங்கள் அப்பா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னீர்கள். தோட்டத்துத் துரையின் பங்களாவில் பியானோவுக்கு முன்னால் அலமாரி மாதிரி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வைப்பார்கள், அதற்கு மரவிரல்கள் இருக்கும், கீழே மிதித்தால் அந்த விரல்கள் தானாக வாசிக்கும் என்றீர்கள். அதுதான் ஐயா விஷயமே! எட்வின் வோட்டி என்பவர் 1895இல் உருவாக்கிய பியானோலா அப்படித்தான் இருந்தது, பியானோவுக்கு உள்ளே இல்லை, முன்னால் தனியாக நின்றது. மிதிக்கும்போது அது காற்றை ஊதுவதில்லை, உறிஞ்சுகிறது. காகிதத்தில் துளை வரும் இடத்தில் காற்று உள்ளே போகும், ஒரு சின்னத் துருத்தி சுருங்கும், அந்த விரல் பியானோவின் கட்டையைத் தட்டும். 65 விரல், 65 சுரம். நீங்கள் சொன்ன மரவிரலும் நான் அளந்த துளையும் அன்றைக்குத்தான் ஒன்றோடொன்று பொருந்தின.

பள்ளிக்கூட மண்டபத்தைத் திறந்துவிட்ட அதிபருக்கும், சுருளைத் தரையில் விரித்துப் பிடித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நன்றி. 48 அடி. தொடக்கத்தில் வேகம் 60 என்று அச்சாகியிருந்தது, அதாவது நிமிடத்துக்கு 6 அடி, ஆக எட்டு நிமிடப் பாட்டு. பெயர் இருந்த பகுதி கிழிந்து போயிருந்தது. அடியடியாகப் படம் எடுத்து அனுப்ப, தம்பி கணினியில் துளைகளைச் சுரமாக மாற்றினான். முதலில் கேட்டபோது ஒரே இரைச்சல், ஏனென்றால் பூச்சி அரித்த ஓட்டையையும் கணினி சுரம் என்றே எடுத்துக்கொண்டது. அவற்றை ஒவ்வொன்றாக நீக்க அவனுக்கு மூன்று வாரம் ஆனது, வேலைக்கும் போய்க்கொண்டு. அப்புறம் ஹட்டனில் கோயிலில் ஆர்கன் வாசிக்கும் டீச்சர் அரை நிமிடம் கேட்டார், சிரித்தார், 'நீல டானியூப்' என்றார். ஜோஹான் ஸ்ட்ராஸ் 1867இல் தந்த வால்ட்ஸ். ஆரம்பத்தில் நெருக்கமாக ஓடும் சின்னச் சின்னத் துளைகள் எல்லாம் அந்த நடுங்கும் மெல்லிய தொடக்கம்தானாம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பாட்டு இல்லை. வேகத்தைக் காட்டுவதற்காகச் சுருள் நெடுக ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து போகிறது, கருவியில் வேகத்தை மாற்றும் நெம்புகோலின் முள்ளை அந்தக் கோட்டின் மேலேயே நகர்த்த வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால், தமிழில், நடுங்கும் துளைகள் இருக்கிற இடத்தில் "மெள்ள மிதி", வால்ட்ஸ் எடுக்கிற இடத்தில் "ஓட்டு", கடைசியில் "நிப்பாட்டு". கிழிந்த ஓரத்தைக் கோதுமை மாப் பசையால் ஒட்டியதும் அதே ஆளாகத்தான் இருக்க வேண்டும், ஒட்டின் மேலும் அதே எழுத்து. துரைசாணி தமிழ் எழுதியிருக்க மாட்டார். அப்படியென்றால் மிதித்தது யார்?

இதற்குப் பதில் தந்தது பொகவந்தலாவை அத்தை. காமன் கூத்துப் பாட்டுகளைப் பூட்டன் தன் கையால் எழுதி வைத்த கொப்பியை அத்தை சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தார், கறையான் தொடவில்லை, ஈரம் தொடவில்லை. பூட்டன் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக இருந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும், சமைத்தார், மேசை வைத்தார், அவ்வளவுதான் தெரியும். கொப்பியையும் சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். "டு" எழுதும்போது வாலை அடுத்த எழுத்துக்கு அடியில் நீளமாக இழுத்துவிடுகிற பழக்கம் இரண்டிலும் அப்படியே இருந்தது. அத்தை அழுதுவிட்டார். நானும்தான்.

அத்தை, கொப்பியை நம்பித் தந்ததற்கு நன்றி. தம்பி, டீச்சர், அதிபர், பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. பூட்டன் எழுதி வைத்தபடியே மெள்ள வேண்டிய இடத்தில் மெள்ள, ஓட்ட வேண்டிய இடத்தில் ஓட்டி, தம்பி புதிதாக ஒரு பதிவு செய்து அனுப்பியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் போட்டுக் கேட்கப் போகிறோம். டீமேக்கர் ஐயா, பின்னேரம் 3 மணிக்கு உங்கள் வாசலுக்கு ஆட்டோ வரும், குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.