எடைமேடைச் சீட்டைத் தேடிப் போனவர்களுக்கு

அன்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

என் தம்பி சிறையிலிருந்து வீடு திரும்பி நான்கு மாதங்கள் ஆகின்றன. இரவில் விளக்கை அணைத்தால் இன்னும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். இந்த மடலை அவனே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். “எழுத உட்கார்ந்தால் எல்லாம் மனுவாகவே வருகிறது, நீயே எழுது அக்கா” என்றான். உங்களில் சிலர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் நான் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

2018 மாசி மாதம் எங்கள் ஊரில் தனியாக இருந்த ஒரு பெரியவரை யாரோ வெட்டிக் கொன்றார்கள். தம்பி அப்போது குட்டியானை வண்டியில் வாழைத்தார் ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெரியவரிடம் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தான். முந்தின மாலை இருவரும் வாசலில் நின்று சத்தமாகப் பேசியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு அவன் கொடுத்ததாக ஓர் ஒப்புதல் வாக்குமூலமும், அவன் புதரிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக ஓர் அரிவாளும் வந்து சேர்ந்தன. 2019 செப்டம்பரில் ஆயுள் தண்டனை.

எங்களிடம் பணம் இல்லாததால் நீதிமன்றமே ஒரு வக்கீலை நியமித்தது. சாட்சி விசாரணை தொடங்கிய அன்று காலையில்தான் கேஸ் கட்டு அவர் கைக்கு வந்தது. தம்பியிடம் அவர் பேசியது ஐந்து நிமிடம். “அன்று இரவு லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தேன்” என்று அவன் சொன்னதை எழுதிக்கொண்டார். அது ஒரு கேள்வியாகக் கடைசி வரை வரவேயில்லை. மூன்று சாட்சிகளுக்குக் குறுக்கு விசாரணை இல்லை என்றே பதிவாகியிருக்கிறது. அந்த மனிதரை நான் பல இரவுகள் சபித்திருக்கிறேன். இப்போது அவரைவிட, காலையில் கட்டைக் கொடுத்து அன்றைக்கே வாதாடு என்று சொன்ன ஏற்பாட்டின் மீதுதான் கோபம் வருகிறது.

மத்திய சிறையில் தம்பிக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை அவனுக்குச் சொல்லி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் சட்டப் பணிகள் குழுவுக்கு உங்கள் கையாலேயே மனு எழுதிக் கொடுத்தீர்கள். நான் அவனைச் சிறையில் பார்க்க வரும்போதெல்லாம் உங்களைப் பற்றியே பேசுவான். நீங்கள் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள் என்பது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

மேல்முறையீட்டில் வாதாடிய வக்கீல் அம்மா, உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் சந்திப்பில் நான், “என் தம்பி நிரபராதி” என்று அழுதேன். நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. “சாட்சியங்களின் நகல் முழுவதும் இருக்கிறதா?” என்றுதான் கேட்டீர்கள். அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. மூன்று வாரம் கழித்து அழைத்து, ஒரு பக்கத்தை என் முன்னால் வைத்தீர்கள். அரிவாளைப் பறிமுதல் செய்ததைப் பதிவுசெய்யும் மகஜரில் கையெழுத்திட்ட சாட்சி, அரசு வக்கீலின் கேள்விக்கே, “ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்” என்று சொல்லியிருந்தார். போலீசாரிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியம் ஆகாது, ஆனால் அந்த ஒப்புதலின் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் ஏற்கலாம் என்பது அப்போதைய சாட்சியச் சட்டம் 27ஆவது பிரிவு என்று விளக்கினீர்கள். தம்பி மீதான வழக்கின் உயிரே அந்த அரிவாளில்தான் இருந்தது. அது புதரில் எடுக்கப்பட்டதைப் பார்த்த சாட்சியே இல்லை என்ற பதில், இத்தனை காலமும் அந்தத் தாளிலேயே கிடந்திருக்கிறது! படிக்க ஓர் ஆள் இல்லாமல் போயிற்று.

தம்பியின் செல்போன் அன்றிரவு எந்த டவரில் இருந்தது என்று கேட்கப் போனபோது பதிவுகள் அழிந்திருந்தன. முதல் மாதத்திலேயே யாராவது கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். இதை மட்டும் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

வக்கீல் அம்மாவின் ஜூனியர் தங்கையே, தம்பி அன்றிரவு வண்டியை எடை போட்டதாகச் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்த எடைமேடைக்குப் பஸ்ஸில் போனவர் நீங்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை. எடைமேடை அண்ணாச்சி, பழைய சீட்டுகளின் அடிக்கட்டுகளை உரச்சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வைத்திருந்தீர்கள். வண்டி எண்ணும் எடையும் இரவு 11.40 என்ற நேரமும் இருந்த அந்தச் சீட்டைக் கொடுத்ததோடு நீங்கள் நிற்கவில்லை. மேல்முறையீட்டிலும் கூடுதல் சாட்சியம் பெற வழிசெய்த, அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 391ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, கடையை அடைத்துவிட்டு வந்து கூண்டில் ஏறினீர்கள். அரசு வக்கீல் இரண்டு மணி நேரம் குடைந்தார். நீங்கள் அசையவில்லை. எங்களுக்கும் உங்களுக்கும் ஒரு முகப்பழக்கம்கூடக் கிடையாது.

இரு நீதிபதிகள் அமர்வின் முன் வக்கீல் அம்மா உச்ச நீதிமன்றம் 1984இல் சொன்ன சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பை எடுத்து வைத்தார். நேரில் பார்த்தவர் இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் நம்பும் வழக்கில், குற்றவாளியாக ‘இருக்கலாம்’ என்பது போதாது, ‘இருந்தே தீர வேண்டும்’ என்னும் அளவுக்குச் சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் என் தம்பியின் 6 ஆண்டு 4 மாதம் போயிற்று. 2024 ஜூனில் விடுதலை.

அனோகிலால் என்பவரின் வழக்கையும் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள் அம்மா. மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாதத்துக்குள் விசாரணை முடிந்து தூக்குத் தண்டனை பெற்றவர். ஆயுளோ தூக்கோ விதிக்கக்கூடிய வழக்குகளில் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலுக்குப் பத்தாண்டு அனுபவமாவது வேண்டும், தயாராவதற்கு 7 நாளாவது தர வேண்டும் என்று அவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். என் தம்பிக்குத் தண்டனை கிடைத்த மூன்றாவது மாதம்! அனோகிலால் விடுதலையானது 2024இல், பதினொரு ஆண்டுகள் கழித்து.

தவறாக வழக்குத் தொடரப்பட்டுப் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. சட்டம் இன்னும் வரவில்லை. தம்பியிடம் அவன் உள்ளே போனபோது போட்டிருந்த சட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதனால் அவன் மகளுக்கு ஐந்து ஆண்டுகள் பள்ளிக் கட்டணம் கட்டிய டீச்சர் அம்மா, ‘கொலைகாரன் வீடு’ என்று ஊர் ஒதுக்கியபோதும் எனக்குத் தைக்கத் துணி கொடுத்துக்கொண்டே இருந்த எதிர்வீட்டு மதினி, உங்கள் கடனை அரசாங்கம் அடைக்காது. நாங்கள்தான் அடைக்க வேண்டும், அடைப்போம்.

தம்பி மறுபடி வண்டி எடுத்திருக்கிறான், வாடகைக்குத்தான். வக்கீல் அம்மா, போன வெள்ளிக்கிழமை உங்கள் அலுவலக வாசலில் ஒரு வாழைத்தார் இருந்திருக்கும். வைத்தது அவன்தான். உள்ளே வரக் கூச்சப்பட்டு, இருட்டோடு வைத்துவிட்டு வந்துவிட்டான். திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா