சீல் பிரிக்காத போன்

அன்புள்ள அருணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நான் கூப்பிடும்போதெல்லாம் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

அக்கா அமெரிக்காவிலிருந்து கொடுத்துவிட்ட ஐபோனை ஆன்லைனில் விற்கப் போட்டிருக்கிறாயாம். சித்தி பையன் போன் தேடும்போது உன் பெயரைப் பார்த்து எனக்கு அனுப்பினான். உன் பொருள், உன் இஷ்டம். ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. ஆனால் விற்பதென்றால் ஒழுங்காக விற்க வேண்டும்.

முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடு. பெட்டியின் ஸ்டிக்கர் அப்படியே தெரிகிறது. போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐயையா ஊருக்கெல்லாம் காட்டுவது? வாங்க வருகிறவன் நேரில் பார்த்துக்கொள்ளட்டும். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னல் வெயில் பெட்டியின் மேல் சாய்வாக விழுகிறது. உன் அறைக்கு வெயில் வருவது மூன்று மணிக்கு மேல்தான். விளம்பரம் போட்டது செவ்வாய்க்கிழமை. லீவு போட்டிருப்பாய். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாளாகவும் இருக்கலாம்.

அப்புறம், அது அமெரிக்க போன். ஐபோன் 14 வந்ததிலிருந்து அங்கே விற்பதில் சிம் கார்டு செருக இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். இதை விளம்பரத்திலேயே எழுது. எழுதினால் விலை கொஞ்சம் குறையும், குறையட்டும். மறைத்து விற்றால் மறுநாள் அவன் வாசலில் வந்து நிற்பான். பில்லைக் காட்டும்போது அக்கா வீட்டு விலாசத்தை மறைத்துக் காட்டு.

பெட்டியின் சீலை நீ பிரிக்காதே. வாங்குகிறவன் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் முழுப் பணமும் உன் கணக்கில் ஏறிய பிறகு உன் முன்னால் பிரிக்கட்டும். பணம் வந்துவிட்டதாக எஸ்எம்எஸ் வரும், ஸ்கிரீன்ஷாட் காட்டுவான். இரண்டையும் நம்பாதே. பேங்க் ஆப்பைத் திறந்து இருப்பைப் பார். 'இன்றைக்கு லிமிட் முடிந்துவிட்டது, மீதி நாளைக்கு' என்றால், போனையும் நாளைக்கே வாங்கிக்கொள்ளச் சொல்.

பேங்க் கவுன்ட்டரில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள் சொல்கிறேன். பழைய கட்டிலை விற்கப் போட்ட ஒரு வாத்தியார் என் முன்னால் வந்து நின்றார். வாங்குகிறேன் என்றவன் தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறான், அடையாள அட்டைப் படமும் அனுப்பியிருக்கிறான். முதலில் ஐந்து ரூபாய் நிஜமாகவே வந்தது. அடுத்து ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் மீதிப் பணம் வருமென்றான். போட்டார். அவர் கணக்கிலிருந்துதான் போனது. பாஸ்புக்கைப் பிடித்திருந்த அந்தக் கை நடுங்கியது இன்னும் எனக்கு மறக்கவில்லை. நமக்குப் பணம் வர பின் நம்பர் தேவையே இல்லை அருண். பின் நம்பர் கேட்டால் அது உன் பணம் போகிற வழி. ஏதாவது தப்பாகிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதே, உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

அறைக்கு எவனையும் வரச் சொல்லாதே. பகலில், நாலு பேர் நடமாடும் இடமாக, கிண்டி மெட்ரோ வாசல் மாதிரிப் பார்த்துச் சொல். கூட ஒருத்தனைக் கூட்டிப் போ. அவன் பெயர், தேதி, ஐஎம்இஐ எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு. நாளைக்கு அந்த போனால் ஏதாவது வம்பு வந்தால் அந்தத் தாள்தான் உனக்குச் சாட்சி.

உனக்கு விற்கத் தெரியாதென்று சொல்லவில்லை. பத்தாவது படிக்கும்போதே மாமாவின் பழைய சைக்கிளைப் பிரித்துப் பூட்டி, பெயின்ட் அடித்து நல்ல விலைக்கு விற்றவன் நீ. தெருவில் யார் கேட்டாலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பணத்தை எண்ணிக்கொண்டே அடுப்படிக்கு ஓடி வந்தாய். இப்போது உன் விஷயம் சித்தி பையன் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

விளம்பரத்தில் 'அவசரம்' என்று போட்டிருக்கிறாய். அந்த வார்த்தையையும் எடுத்துவிடு. அவசரமென்று தெரிந்தால் பாதி விலைக்குக் கேட்பார்கள். நிஜமாகவே அவசரமென்றால் அதை முன்பின் தெரியாதவனிடமா சொல்வது? என் டெபாசிட் ஒன்று போன வாரம் முதிர்ந்தது. புதுப்பிக்காமல் சேவிங்ஸில் போட்டு வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். என்னிடம் இருப்பது உன் பழைய அக்கவுன்ட் நம்பர்தான். அதுவேதானா, கம்பெனியோடு மாறிவிட்டதா? நம்பரை மட்டும் அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அம்மா