வாக்குச்சாவடிக்கு வெளியே நிற்கும் என் ஓரகத்திக்காக

தமிழ்நாட்டின் மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து எழுதுகிறேன். 2024 மே 25 அன்று இங்கே மக்களவைத் தேர்தல். காலையிலேயே வெயில் சுட்டது. குடும்பமாக ஓட்டுப் போடப் போனோம். "நீங்க போயிட்டு வாங்க அக்கா, நான் இங்கயே நிக்கிறேன்" என்று எங்கள் செல்போன்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள் என் ஓரகத்தி. திரும்பி வந்ததும் என் விரலைப் பிடித்து, மை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள்.

1990இல் ஐந்து வயதில் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து படகேறி தனுஷ்கோடியில் இறங்கியவள் அவள். மண்டபம் அகதிகள் முகாம், அப்புறம் வேறொரு முகாம், பக்கத்தில் அரசுப் பள்ளி. "இந்தியா எனது நாடு. இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்" என்று தினமும் உறுதிமொழி சொல்லி வளர்ந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அடிப்படை உரிமைகளைப் புத்தகம் பார்க்காமலே சொல்லித் தருகிறாள்.

நெடுங்காலம் இங்கே வாழ்ந்ததை வைத்துக் குடியுரிமை கேட்பவருக்கு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறது 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம். தமிழ் அதில் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்று 2003 திருத்தம் விண்ணப்பிக்கும் வழியையே அடைத்துவிட்டது. இந்தியரைக் கல்யாணம் செய்தும் பயனில்லை. குண்டுக்குப் பயந்து ஓடிவந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு யார் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்?

இதைவிட வயிற்றைக் கலக்குவது மகள் விஷயம். 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்க அப்பா இந்தியர் என்பது மட்டும் போதாது, அம்மா சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. பாஸ்போர்ட்டுக்குப் போன இடத்தில் அம்மாவின் சான்று எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டெல்லியில் பிறந்த பிள்ளை. வேறு ஊரே பார்த்ததில்லை. அன்று ராத்திரி அது சாப்பிடவே இல்லை.

2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு இந்தத் தடையை நீக்கியது. இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு கிடைத்தது. அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். ஜெயில் பயம் போனது, சரி. குடியுரிமை வரவில்லையே.

அந்தப் பதிவையே ஆதாரமாக வைத்துக் கேட்கிறேன். அந்தத் தேதிக்குள் வந்து பதிவானவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்ல என்று சட்டத்தில் ஒரு வரி சேருங்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் அது பிறந்த நாள் முதலே பொருந்தட்டும். கட்சி பார்க்காமல் சேர்ந்து நின்று, வெள்ளிக்கிழமைகளில் உறுப்பினர்கள் தாங்களே கொண்டுவரும் தனிநபர் மசோதாவாகவாவது கொண்டுவாருங்கள்.

பதிவு அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பதிவு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். உங்கள் வீடுகள் இருக்கும் நார்த் அவென்யூவோ சவுத் அவென்யூவோ, நீங்கள் வரச் சொல்லும் நாளில் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
டெல்லி வாக்காளர் ஒருத்தி