சரவணாவுக்கு: எந்த லினக்ஸ்?

டேய் சரவணா,

நீ எழுதி பத்து நாள் ஆகிவிட்டது, திட்டாதே. பாப்பாவுக்கு ஜுரம், நடுவில் ஆபீஸில் ஆடிட் வேறு. இப்போது எல்லாம் சரி. பெரிய காரியமாக கேமிங் லேப்டாப் வாங்கிவிட்டு, போடுவதற்கு நல்ல லினக்ஸ் எது என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய், பதில் ஒரு வரியில் அடங்காது.

முதலில் நீ என்ன விளையாடுகிறாய் என்று சொல். வேலரண்ட் என்றால் பேச்சே இல்லை, அதன் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது, எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போட்டாலும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கேமும் 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸுக்குக் கதவைச் சாத்திவிட்டது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 நேராகவே ஓடும். எல்டன் ரிங் மாதிரி தனியாள் ஆட்டங்கள் பெரும்பாலும் ஸ்டீம் கேம் கடையில் இருக்கும் புரோட்டான் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாக ஓடிவிடும், வாங்குவதற்கு முன் எது ஓடும் என்று சொல்லும் புரோட்டான்டிபி தளத்தில் பெயரைப் போட்டு ஒருமுறை பார்த்துக்கொள். உன் தம்பி மகன் வந்தால் வேலரண்ட்தான் கேட்பான் என்று எழுதியிருந்தாயே, அவனுக்காக விண்டோஸ் இருக்கட்டும், லினக்ஸுக்கு இன்னொரு எஸ்எஸ்டி போட்டுக்கொள். ஒரே டிஸ்க்கைப் பங்கு பிரித்து நான் பட்ட பாடு போதும். இன்னொன்று, விண்டோஸ் டிரைவில் இருக்கும் கேம் ஃபோல்டரையே லினக்ஸிலும் காட்டி ஓட்டலாம் என்று நினைக்காதே, விண்டோஸ் டிஸ்க்கின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் புரோட்டான் தகராறு செய்யும். மறுபடி டவுன்லோடு செய்துவிடு.

உன்னுடையது இன்டெல்லின் உள் கிராபிக்ஸும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்த மெஷின் என்பதால், எந்த டிஸ்ட்ரோ வேகம் என்பதைவிட இந்த இரண்டு கார்டையும் எது ஒழுங்காக மேய்க்கிறது என்பதே கேள்வி. சும்மா பிரவுசர் பார்க்கும்போது என்விடியா தூங்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரி கண்முன்னே கரையும். (தூங்குகிறதா என்று, கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கமாண்டை அடித்துப் பார்த்தால் அந்தக் கமாண்டே அதை எழுப்பிவிடும், நான் ஒரு வாரம் இப்படி ஏமாந்தேன்.)

நான் முதலில் மின்ட் என்ற டிஸ்ட்ரோ போட்டேன். டிரைவர் மேனேஜரில் இரண்டு கிளிக், முடிந்தது. அம்மாவுக்கு லேப்டாப் என்றால் இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அதன் சின்னமன் டெஸ்க்டாப் வழக்கமாக எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில்தான் ஓடுகிறது, லேப்டாப் திரை 144 ஹெர்ட்ஸ், மேசையில் இருக்கும் பழைய மானிட்டர் 60, இரண்டையும் சேர்த்து வைத்தால் ஏதோ ஒன்று திக்கித் திக்கி நகரும். உன்னிடமும் பழைய மானிட்டர் இருக்கிறது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஆசைப்பட்டு, ஓயாமல் அப்டேட் வந்துகொண்டே இருக்கும் ரோலிங் டிஸ்ட்ரோ ஒன்று போட்டேன், பெயர் வேண்டாம். நன்றாகத்தான் ஓடியது, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு கறுப்புத் திரை வரும்வரை. சனி, ஞாயிறு இரண்டும் டெர்மினலில் போனது.

இப்போது கேமிங்குக்கான பஸைட் என்ற டிஸ்ட்ரோ, கேடிஈ டெஸ்க்டாப்போடு. ஃபெடோரா என்ற இன்னொரு டிஸ்ட்ரோவை அடியில் வைத்துக் கட்டியது, வேலாண்ட் என்ற புதிய திரை அமைப்பில் ஓடுகிறது, என்விடியா டிரைவரோடும் ஸ்டீமோடும் வருகிறது. அப்டேட் சொதப்பினால் பூட் மெனுவில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும், அதற்காகவே அதை விடாமல் வைத்திருக்கிறேன். குறையும் உண்டு: அடிப்படை சிஸ்டத்தில் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது, மென்பொருள்கள் பெரும்பாலும் ஃபிளாட்பேக்காக (சிஸ்டத்தைத் தொடாமல் தனிப் பொட்டலமாக) வருவதுதான், விசித்திரமான பிரிண்டர் டிரைவர் எல்லாம் தலைவலி. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் நம் கார்டுக்கு விண்டோஸைவிட வேகம் கொஞ்சம் குறையும், அதைப் பெரிதுபடுத்தாதே.

பஸைட்டை டவுன்லோடு பண்ணும்போது என்விடியாவுக்கான ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் ஃபைலை) தேர்ந்தெடு. செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பயாஸ் அமைப்பு) அணைத்துவிடாதே, விண்டோஸ் 11ல் வேலரண்டுக்கு அது வேண்டும். அணைக்காவிட்டால் இன்ஸ்டால் முடிந்து முதல் பூட்டில் நீலத் திரை ஒன்று வந்து பஸைட்டின் பாதுகாப்புச் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும், பயந்து ஆஃப் செய்துவிடாதே. ஞாயிறு காலை உட்கார், அந்தத் திரை வந்ததும் போன் அடி, நான் வீட்டில்தான் இருப்பேன்.

முரளி