தொட்டிக்கு அடியில் ஜல்லி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வீட்டுத் தோட்டப் பகுதியில், தொட்டியின் அடியில் மூன்று விரல் உயரத்துக்குச் செங்கல் ஜல்லி போட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காது என்று போட்டிருந்தீர்கள். காலங்காலமாக எல்லோரும் சொல்வதுதான், ஆனால் தப்பு. அதிலும் மே பாதியில் பிடித்தால் அக்டோபர் வரை விடாத நம் யாங்கோன் மழைக்கு ரொம்பத் தப்பு.

பொடி மண்ணில் இருக்கிற தண்ணீர் ஜல்லிக்குள் சட்டென்று இறங்காது. மண்ணின் அடிப்பாகம் முழுக்க ஊறிச் சொதசொதவென்று ஆன பிறகுதான் கீழே ஒழுக ஆரம்பிக்கும். ஜல்லி இல்லையென்றால் அந்த ஈரம் தொட்டியின் அடிமட்டத்தோடு நிற்கும், போட்டாலோ மூன்று விரல் மேலேறி நேரே வேருக்கு வந்துவிடும். நம்பாதவர்கள் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள், சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி ஒழுகும். அதாவது மண் எவ்வளவு உயரமோ அவ்வளவு நன்றாக மேல்பக்கம் வடியும், அந்த உயரத்தை ஜல்லி தின்றுவிடுகிறது.

ஜல்லிக்குப் பதில் கலவையைச் சரிசெய்யுங்கள். தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளிப் போட்டால் தொட்டிக்குள் இறுகிக் கட்டிதட்டும். நெல் விளைகிற நாட்டில் உமிக்கா பஞ்சம்? கருக்கிய உமி, அலசிய தேங்காய் நார்த்தூள், நன்றாக மக்கிய எரு, மண் எல்லாம் சம அளவு கலந்தால் போதும். பச்சை உமி மட்டும் வேண்டாம், அது மக்கும்போது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும். பெயிண்ட் வாளியில் வைப்பவர்கள் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, வாளியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், ஓட்டை தரையில் அடைபடாது. (பால்கனியில் வைத்தால் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.)

இன்னொன்று, மழை விடாமல் பெய்தால் சத்தும் ஓட்டை வழியாகப் போய்விடும். புளிச்சக்கீரையில் அடி இலைகள் முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைதான், எருவைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போடுங்கள். ஆனால் மண் ஈரமாக இருந்தும் கறிவேப்பிலை தொங்கிப்போனால் அது பசியில்லை, வேர் அழுகுகிறது. வாடுகிறதே என்று அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றுகிற கைதான் செடியைக் கொல்கிறது. விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்களேன், திஞ்சான் தண்ணீர்த் திருவிழா போல எதிரில் நிற்கிறதன் மேலெல்லாம் கொட்ட வேண்டியதில்லை.

தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டையும் மழை முடிகிற வரை எடுத்துவிடச் சொல்லுங்கள். தேங்கின தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது, நம் ஊரில் டெங்கு அதிகமாவதும் அதே மாதங்களில்தான்.

அடுத்த இதழிலேயே திருத்தம் போட்டால் உபகாரமாக இருக்கும். மழை பிடித்த பிறகு நனைந்த தொட்டியைக் கொட்டி ஜல்லி பொறுக்குவது பெரும்பாடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், யாங்கோன்