ராயப்பேட்டை வெஸ்லி ஆலயத்துக்கு 1853-க்கு முன்பும் ஒரு கதை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழைய கட்டடங்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் எங்கள் ராயப்பேட்டை வெஸ்லி ஆலயத்துக்கு ஒரு படமும் ஒரு வரியும் கிடைத்திருந்தன. 1853-இல் கோத்திக் பாணியில் கட்டப்பட்ட சி.எஸ்.ஐ. ஆலயம் என்று போட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். வரியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

1853-இல் சி.எஸ்.ஐ. என்று ஒன்று கிடையவே கிடையாது. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை, பல புராட்டஸ்டண்டு சபைகள் இணைந்து உருவானது 1947 செப்டம்பர் 27 அன்று, இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில். அதுவரை 94 வருஷம் எங்கள் ஆலயம் மெதடிஸ்டுகளுடையது. கட்டியவர்களும் அவர்கள்தான். அந்தப் பெயர் எங்கேயும் வராமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் பாட்டி கடைசிவரை அதை சர்ச் என்று சொன்னதில்லை. கோயில் என்றும் சொன்னதில்லை. "சேப்பலுக்கு நேரமாச்சு, கிளம்பு" என்பார். மற்ற பிள்ளைகள் வீட்டில் எல்லாம் சர்ச் என்கிறார்களே, பாட்டிக்கு மட்டும் ஏன் வேறு சொல் என்று நினைத்துக்கொள்வேன். வெகுகாலம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சாகும்வரை இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகவே இருந்தவர். தன்னைப் பின்பற்றியவர்கள் அதிலிருந்து பிரிந்து போவதை அவர் விரும்பவில்லை. ஆகவே அவர்கள் கூடிய இடங்களைத் திருச்சபை ஆலயம் என்று சொல்லாமல் பிரசங்க வீடு, சேப்பல் என்றே அழைத்தார்கள். அந்தச் சொல் கப்பலேறி வந்து, தையற்காரர் மகளான என் பாட்டியின் வாயில் நிலைத்துவிட்டது.

கப்பல் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. 1813 டிசம்பர் கடைசியில் தாமஸ் கோக் என்ற மெதடிஸ்டு முதியவர் ஊழியம் செய்யச் சில இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டார். 1814 மே மாதம் நடுக்கடலில் அவர் இறந்துபோனார். இளைஞர்கள் மட்டும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச் என்ற அயர்லாந்துக்காரர் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தார். சென்னையில் ஏற்கெனவே வெஸ்லியின் போதனையில் ஈடுபாடு கொண்ட சிலர் தங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்க, 1817-இல் அவர் இங்கே வந்தார். 1819-இல் ராயப்பேட்டையில் ஒரு சேப்பல் திறந்தாயிற்று. இன்று நாம் பார்க்கும் கட்டடத்துக்கு 34 வருஷம் மூத்தது அது. 1822-இல் பிராட்வேயிலும் ஒன்று எழுந்தது.

அப்புறம் எலைஜா ஹூல். 1820-இல் சென்னை மிஷனுக்கு வந்தவர். அவர் வந்த கப்பலின் பெயர் 'தஞ்சாவூர்'. இலங்கைக் கரைக்கு அருகே இடி விழுந்து அந்தக் கப்பல் எரிந்தது. அவர் கொண்டுவந்த புத்தகங்களும் அதோடு போயின. அப்படிக் கரையேறிய மனிதர் இங்கே தமிழ் படித்தார், தமிழ் வேதாகமத்தைத் திருத்திய குழுவில் உட்காரும் அளவுக்குப் படித்தார். நான் 31 வருஷம் தமிழாசிரியையாக இருந்தவள். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்கும்.

வேப்பேரியில் இருக்கும் மெதடிஸ்டு ஆலயத்தோடு எங்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அது 1870-களில் வில்லியம் டெய்லர் தொடங்கிய அமெரிக்க மெதடிஸ்டுகளின் வழி. அவர்கள் 1947 இணைப்பில் சேரவில்லை, இன்றும் மெதடிஸ்டு என்ற பெயரிலேயே இருக்கிறார்கள். எங்களுடையது பிரிட்டிஷ் வழி. தரங்கம்பாடியில் 1919-இல் தொடங்கிய பேச்சு 28 வருஷம் நீண்டுதான் அந்த இணைப்பு நடந்தது. ஆராதனை முறையெல்லாம் மாறிவிடுமோ என்று தன் வயதுக்காரர்கள் பயந்ததாகப் பாட்டி சொல்வார். நல்ல வேளை, எல்லாம் போய்விடவில்லை. புத்தாண்டில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனை வெஸ்லி 1755-இல் தொடங்கியது. அதைத் திருச்சபை முழுவதும் எடுத்துக்கொண்டது. 'இனி நான் எனக்குச் சொந்தமில்லை' என்ற பொருளில் எல்லாரும் ஒரே குரலாகச் சொல்லும்போது எனக்குப் பாட்டியின் குரலும் கேட்கும்.

பாட்டியின் ஞானஸ்நானச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. 1911-ஆம் வருஷத்தது. மடித்த இடத்தில் கிழிந்து, அரிசிப் பசையால் பின்பக்கம் மெல்லிய தாள் ஒட்டியது. மை பழுப்பேறிவிட்டது. மேலே வெஸ்லியன் மெதடிஸ்டு என்று அச்சு. தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் 'தையல்' என்று எழுதி, தாயின் பெயருக்கு நேரே முதலில் ஒரு பெயரை எழுதி அடித்துவிட்டு, மேலே திருத்தியிருக்கிறது. பெயர் கேட்டு எழுதியவருக்கும் சொன்னவருக்கும் நடுவே என்ன நடந்ததோ! இப்படி எத்தனையோ குடும்பங்களின் கதை அந்தக் காலத்துப் பதிவேடுகளில்தான் இருக்கிறது. எங்கள் நகரத்துப் பழைய சபைகள் எல்லாம் தங்கள் பதிவேடுகளைப் படம் எடுத்து வைக்க வேண்டும். தாள் நமக்காகக் காத்திருக்காது.

சுவருக்கும் அப்படித்தான். நகரில் வேறொரு பழைய ஆலயத்தில் நல்லெண்ணத்தோடு சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசினார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பி, கை வைத்ததும் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் பொடியாக உதிர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். பழைய கட்டடங்களைப் பற்றி எழுதும் உங்கள் கட்டுரையாளர், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களைப் பற்றியும் ஒரு வாரம் எழுதினால் பல சபைகளுக்கு உதவியாக இருக்கும்.

சரி, என் வேண்டுகோள் சின்னதுதான். அடுத்த முறை எங்கள் ஆலயத்தைப் பற்றி எழுதும்போது, 'வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷன் கட்டியது' என்று சேர்த்துவிடுங்கள். சான்றிதழின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூலத்தைப் பார்க்க வேண்டுமானால் எந்த நாள் சொன்னாலும் நேரில் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ராயப்பேட்டை, சென்னை.