தோசைக்கரண்டியால் அழுத்தாதே

எட்மன்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து அம்மா நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள். பூரணம் வைத்து நீ சுட்ட பர்கர் வாயைப் பிளந்து, சீஸ் முழுக்க நெருப்பில் கொட்டி, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார் என்றாயே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அதே தப்பைச் செய்தவன்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். போனில் செய்முறை சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கறி. பைசன் என்கிற இந்த ஊர்க் காட்டுமாட்டின் கறியில் கொழுப்பு குறைவு. மாட்டுக்கறியில் தெரியும் வெள்ளை வரிகள் இதில் தெரியாது, அதனால்தான் அவ்வளவு அடர் சிவப்பு. உருகி ஈரம் கொடுக்கக் கொழுப்பு இல்லையென்றால் கொஞ்ச நேரம் கூடுதலாக நெருப்பில் இருந்தாலே வறட்டி மாதிரி ஆகிவிடும். ஸ்டேக் என்றால் உள்ளே கொஞ்சம் சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். கொத்துக்கறியில் அது ஆகாது. அரைக்கும்போது மேலே இருந்த கிருமி உள்ளே போய்விடும், 71 டிகிரி செல்சியஸ் வந்தே ஆக வேண்டும். அவ்வளவு சூட்டில் இந்தக் கறி காயாமல் இருக்க வழி என்ன? உள்ளே பூரணம் வைப்பதுதான். அது வெறும் ருசிக்காக வைப்பது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

454 கிராம் பொட்டலம் ஒன்றுக்கு மூன்று பர்கர் வரும். உனக்கு இரண்டு, உன் ரூம்மேட்டுக்கு ஒன்று. ஆறு உருண்டையாகப் பிரித்துக்கொள். ஒவ்வொன்றையும் உன் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லியதாகத் தட்டு. (இதை இங்கே patty என்பார்கள், உனக்குத் தெரியும். தமிழில் எழுதினால் 'பாட்டி' என்று வரும், அப்பத்தா கோபித்துக்கொள்வாள். வடை என்றே வைத்துக்கொள்வோம்.) உப்பைக் கறியோடு சேர்த்துப் பிசையாதே. பிசைந்தால் இறுகி சாஸேஜ் மாதிரி ரப்பராகிவிடும். நெருப்பில் போடுவதற்குச் சற்று முன்னால் மேலே தூவினால் போதும், மிளகும் அப்படியே.

பூரணத்துக்குப் பெரிய வெங்காயம் ஒன்றை வெண்ணெயில் சின்னத் தீயில் அரை மணி நேரம் வதக்கு. அவசரப்படாதே, பழுப்பாகி இனிப்பு ஏற வேண்டும். அப்புறம் நாலு காளானும் இரண்டு பச்சைமிளகாயும் பொடியாக நறுக்கிப் போட்டு, தண்ணீர் சுண்டும்வரை வதக்கி இறக்கு. நன்றாக ஆறிய பிறகு துருவிய செடார் சீஸ் ஒரு கைப்பிடி சேர். ஆறாமல் வைத்தால் கறி இளகி, ஒட்டு விட்டுப்போகும். உனக்கு நேற்று நடந்தது இதுவாகத்தான் இருக்கும். கட்டி சீஸை அப்படியே வைத்திருந்தாலும் இதேதான் ஆகும்.

மூடும் வித்தையை நான் எந்த வீடியோவிலும் கற்கவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு அப்பத்தா கொழுக்கட்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கையை நனைத்துக்கொள்வாள், பூரணத்தை நடுவில் குறைவாக வைப்பாள், ஓரத்தில் ஒரு விரல் அகலம் காலியாக விடுவாள். இங்கேயும் அதே கதைதான். மேல் வடையை மூடி, ஓரத்தைச் சுற்றிலும் அழுத்தி, விரிசல் தெரிந்தால் ஈரக்கையால் தடவிவிடு. நடுவில் கட்டைவிரலால் லேசாக ஒரு குழி போடு, இல்லாவிட்டால் வேகும்போது பந்து மாதிரி உப்பும். பிறகு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வை.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் என்ற ஊரில் இப்படி உள்ளே சீஸ் வைத்த பர்கருக்கு 'ஜூசி லூசி' என்று பெயர். இரண்டு கடைகள் நாங்கள்தான் முதலில் செய்தோம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றன. திருநெல்வேலி அல்வா சண்டை மாதிரிதான்.

அப்பத்தாவிடம் போன வாரம் இதைப் பற்றிப் பேசினேன். "காட்டுமாடா? அதை அடிச்சா ஜெயில்ல போடுவாங்களேடா" என்று பயந்துவிட்டாள். அவள் நினைத்தது கொடைக்கானல் ரோட்டில் குறுக்கே வந்து நிற்குமே, அந்தக் காட்டெருமையை. இது வேறு, இங்கே பண்ணையில் வளர்ப்பது என்றேன். "அப்ப எருமையா, பசுவா?" என்றாள். இங்கே பாதிப்பேர் பஃபலோ என்று சொன்னாலும், எருமையைவிட மாட்டுக்குத்தான் இது நெருங்கின சொந்தம். அந்த உறவுமுறையை அவளிடம் நான் விளக்கவில்லை.

உனக்கு எல்க் ஐலண்ட் தேசியப் பூங்கா ஞாபகம் இருக்கிறதா? இங்கிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு பெரிய ஆண் பைசன் நம் காருக்கு முன்னால் வந்து நின்று நகரவே மாட்டேன் என்றதே. நீ பின்சீட்டில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாய். கோடிக்கணக்கில் இருந்த மந்தைகளைச் சுட்டுச் சுட்டே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். 1907-ல் கனடா அரசு மொன்டானாவில் மிஷேல் பாப்லோ என்பவரிடமிருந்து ஒரு மந்தையை விலைக்கு வாங்கி, ரயிலில் ஏற்றி எல்க் ஐலண்டுக்குக் கொண்டுவந்தது. இரண்டு வருஷம் கழித்து அவற்றை வெயின்ரைட் ஊர்ப் பக்கம் இருந்த வேறு பூங்காவுக்கு மாற்றினார்கள். அப்போது பிடிக்கு அகப்படாமல் சில டஜன் மட்டும் எல்க் ஐலண்டிலேயே தங்கிவிட்டன. நம் காரை மறித்தது அவற்றின் வாரிசு. 2017-ல் எல்க் ஐலண்டிலிருந்து 16 பைசன்களை பான்ஃப் தேசியப் பூங்காவுக்கு அனுப்பினார்கள். நீ டிவி செய்தியைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளு போயிருக்குமாப்பா?" என்று கேட்டாய்.

சரி, கிரில் அடுப்புக்கு வருகிறேன். மூடியை மூடி பத்துப் பதினைந்து நிமிஷம் சூடேற்று. ஒரு பக்கம் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே தீ, மறுபக்கம் அணைத்துவிடு. எண்ணெயைக் கம்பியில் தடவாமல் வடையின் மேல் தடவு. தீ உள்ள பக்கம் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிஷம், ஒரே ஒரு தடவை திருப்பு. அப்புறம் தீ இல்லாத பக்கம் நகர்த்தி மூடியை மூடு. நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று முடிவு செய்யாதே, இந்தக் கறி ஏமாற்றும். தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் குத்தி, முனை கறியில் நிற்கிறதா என்று பார், சீஸில் நின்றால் கணக்கு தப்பு. 71 வந்ததும் எடுத்து ஐந்து நிமிஷம் ஆறவிடு. உடனே கடித்தால் உருகிய சீஸ் நாக்கைப் பொசுக்கிவிடும். பன்னில் புதினாத் துவையல் தடவினால் கெட்சப் தேவையே இல்லை, இது அம்மாவின் தீர்ப்பு.

ஒன்று மட்டும் மறக்காதே. கரண்டியால் அழுத்தாதே. 'சுர்ர்' என்று சத்தம் வரும், கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் எல்லாம் அந்தச் சத்தத்தோடு போய்விடும்.

நீ ஹாலிஃபாக்ஸ் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் நான் போட்ட பர்கரை நினைத்துப் பார். நீ பெட்டியைக் கட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்து என் பக்கத்தில் நின்றாய். என்ன பேசுவது என்று தெரியவில்லை. கையில் தோசைக்கரண்டி இருந்தது, அழுத்திக்கொண்டே இருந்தேன். ஓரம் கிழிந்து, சீஸ் ஒழுகி, தீ என் புருவம்வரை வந்தது. நீ "பரவாயில்லப்பா" என்று சொல்லி அந்தக் கரிக்கட்டையை முழுவதும் சாப்பிட்டு, இன்னொன்றும் கேட்டாய். அம்மா பாதிக்கு மேல் தொடவில்லை.

ஆகஸ்டில் வருகிறாய் என்றாயே, தேதியைச் சொல். ஓல்ட் ஸ்ட்ராத்கோனா சந்தைக்கு சனிக்கிழமை காலையிலேயே போனால்தான் நல்ல கறி கிடைக்கும். தெர்மாமீட்டர் இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதே, இங்கே இரண்டு இருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா